கடைசிக் குழாயில் எத்தனை மீட்டர்?

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், மலையோரத் தொகுதியானாலும் கடலோரத் தொகுதியானாலும், அவர்கள் கைக்கு வந்து சேரும் மனுக்களில் ஒரு வரி மட்டும் தவறுவதே இல்லை: "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை." 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எல்லா உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நெடுநாளாகத் தீராமல் கிடக்கும் 10 கோரிக்கைகளை வரிசைப்படுத்தி மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டம் 234 தொகுதிகளுக்கும் விரிந்தது அப்படித்தான். பாலம், பள்ளிக் கட்டடம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று நீளும் அப்படிப்பட்ட பட்டியல்களில் குடிநீருக்கு என்றும் இடம் உண்டு.

அந்த ஒற்றை வரியை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் வியப்பு தாங்காது. கோடிக்கணக்கான ஆண்டு வயதுள்ள பாறையின் வேதியியல் அதில் இருக்கிறது. பூமியின் ஈர்ப்பு விசை இருக்கிறது. குழாயின் உட்சுவரில் தண்ணீர் உரசிச் செல்லும் கணக்கு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியின் மேலுறையை ஊடுருவிச் செல்லும் மூலக்கூறு இருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் தெருக்குழாயில் விழுவதற்கு முன்னால் இத்தனையும் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று தவறினாலும் அதே மனு, அதே வரியோடு, அடுத்த வாரம் மீண்டும் எழுதப்படும்.

மனு போகும் வழி

சட்டமன்ற உறுப்பினர் நேரடியாகக் குழாய் பதிப்பவர் அல்லர். தொகுதி மேம்பாட்டு நிதியாக ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. எந்த வேலை வேண்டும் என்று அவர் பரிந்துரைப்பார். நிர்வாக அனுமதி கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். கிராமப்புறம் என்றால் ஊராட்சி ஒன்றியப் பொறியாளர்கள் மதிப்பீடு போட்டு வேலையை நடத்துவார்கள். பல ஊர்களுக்குச் சேர்த்து ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால், அது 1971-இல் தோன்றிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது அட்டவணை ஊராட்சிகளுக்கு உரியவை என்று சொல்லும் 29 பொருள்களில் குடிநீரும் ஒன்று. ஆகவே அன்றாடம் தொட்டியை நிரப்பி, திறந்து விடும் பொறுப்பு ஊராட்சியுடையது.

இத்தனை கைகள் மாறும் இடத்தில் உறுப்பினரின் பங்கு எது? எது முதலில் என்று வரிசைப்படுத்துவதும், நின்றுபோன வேலையை விடாமல் கேட்பதும், கேள்வி நேரத்திலும் மானியக் கோரிக்கை விவாதத்திலும் அமைச்சரிடம் பதில் வாங்குவதும்தான். அந்த வரிசை சரியாக அமைய வேண்டுமானால், தண்ணீர் ஏன் வரவில்லை என்ற காரணம் தெரிந்திருக்க வேண்டும். "தண்ணீர் வரவில்லை" என்ற ஒரே நோய்க்குறிக்குக் குறைந்தது நான்கு நோய்கள் உண்டு. நான்குக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றுக்கும் புதிதாக ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டுவதுதான் தீர்வு என்று நினைத்துவிட்டால், கல்வெட்டு மட்டும் ஊரில் கூடும், தண்ணீர் கூடாது.

பாறை கொடுக்கும் தண்ணீர்

முதல் நோய், தண்ணீர் கிடைக்கும் இடத்தில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே நிலத்தடியில் கிடப்பவை கிரானைட், நைஸ் போன்ற மிகப் பழைய கடினப் பாறைகள். அவற்றிலுள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் ஃபுளூரைடு இருக்கிறது. பாறை வெடிப்புகளில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் அந்தக் கனிமங்களோடு ஒட்டி உறவாடும்போது ஃபுளூரைடு மெல்லக் கரைந்து இறங்குகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால், அது ஃபுளூரைடோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில் அப்படித் தடுக்க ஆள் இல்லை. அளவு ஏறிக்கொண்டே போகும். போர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்றை ஆழமாக்க ஆழமாக்க, பாறையோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீரைத்தான் பெரும்பாலும் எடுக்கிறோம்.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளூரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை நம் பகுதி வெகு முன்பே உலகுக்குச் சொன்னது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மக்கள் முதுகு விறைத்து முடங்கிப்போவதற்குக் காரணம் தண்ணீரிலுள்ள ஃபுளூரைடுதான் என்று 1937-இல் எழுதியவர்கள், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டோடு தொடர்புடைய ஆய்வாளர்கள்.

ஃபுளூரைடு உடலில் புகும் முறையே ஓர் ஆச்சரியம். நம் பல்லும் எலும்பும் ஹைட்ராக்சி அபடைட் என்ற படிகத்தால் ஆனவை. அதில் ஹைட்ராக்சில் அயனிக்கு ஓர் இருக்கை உண்டு. ஃபுளூரைடு அயனி உருவ அளவில் ஏறக்குறைய அதே போன்றது. மின்னூட்டமும் அதே. ஆகவே அது நுழைந்து அந்த இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறது. கொஞ்சமாக உட்கார்ந்தால் பல் உறுதிப்படும். பற்பசையில் ஃபுளூரைடு சேர்ப்பது அதற்காகத்தான். வளரும் குழந்தையின் உடலில் அளவு மீறிச் சேர்ந்தால் பல் எனாமலில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் விழும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பும் மூட்டுகளும் விறைத்துப்போகும். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்பதும் இங்கே பொருந்தாது. காய்ச்சும்போது தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளூரைடு பாத்திரத்திலேயே தங்கும். செறிவு கூடுமே தவிரக் குறையாது.

அதனால்தான் அந்த இரு மாவட்டங்களுக்கு விடை அங்கேயே தோண்டும் இன்னொரு போரில் இல்லை, காவிரியில் இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் முதலமைச்சர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். 2013-இல் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். ஜப்பானின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனுதவியோடு, ஏறக்குறைய 1,900 கோடி ரூபாயில், 6,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்கான திட்டம் அது. ஒகேனக்கல்லைவிட ஓசூர் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரைப் படிப்படியாக அந்த மேட்டுக்கு ஏற்ற வேண்டும். 1,000 லிட்டரை 600 மீட்டர் தூக்கக் குறைந்தபட்சம் 1.6 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரிலும் குழாயிலும் வீணாவது தனி. பாறை கெடுத்ததைச் சரிசெய்ய ஒரு சமூகம் செலுத்தும் விலை இது. ஒரு குழந்தையின் முதுகெலும்போடு ஒப்பிட்டால் மிக மலிவான விலை.

இதில் உறுப்பினர் கண் வைக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஆற்றுத் தண்ணீர் போதாத நாளில் பழைய போர்த் தண்ணீரையும் அதே தொட்டியில் கலந்துவிட்டால் என்ன ஆகும்? ஆற்றில் 0.3 மில்லிகிராம், போரில் 3 மில்லிகிராம் ஃபுளூரைடு என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் லிட்டருக்கு 1.65 மில்லிகிராம் ஆகிவிடும். பொறுக்கத்தக்க எல்லையை அது தாண்டிவிட்டது. கோடிகள் செலவழித்துக் காவிரியைக் கொண்டுவந்த பயன், ஒரு வால்வைத் திறந்ததில் கரைந்துபோகும்.

உயரம்தான் அழுத்தம்

இனி தொட்டிக்கு வருவோம். ஊரில் நான்கு தூண்மேல் நிற்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீடு, கொள்ளளவு எல்லாம் எழுதியிருக்கும். எல்லார் கண்ணும் கொள்ளளவில்தான் நிற்கும். '30,000 லிட்டர்' என்றால் பெரிய தொட்டி, '60,000 லிட்டர்' என்றால் இன்னும் பெரியது. ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 30,000 லிட்டர் தொட்டியை ஒரு தடவை நிரப்பினால் 545 பேருக்குப் போதும். ஆக, கொள்ளளவு சொல்வது எத்தனை பேருக்கு என்பதை மட்டும்தான்.

தண்ணீர் எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் போகும் என்பதை முடிவு செய்வது தொட்டியின் உயரம். ஒரு தண்ணீர்த் தூணின் அடியில் இருக்கும் அழுத்தம் அந்தத் தூணின் உயரத்தை மட்டுமே பொறுத்தது. அகலம் எவ்வளவு, மேலே எத்தனை லட்சம் லிட்டர் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. 12 மீட்டர் உயரத்தில் லட்சம் லிட்டர் இருந்தாலும், 12 மீட்டர் உயரமுள்ள ஒல்லிக் குழாயில் சில லிட்டர் மட்டும் இருந்தாலும், அடியில் அழுத்தம் ஒன்றேதான். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கொடுக்கும். அதனால்தான் குடிநீர்ப் பொறியாளர்கள் அழுத்தத்தையே மீட்டரில் சொல்கிறார்கள். மாடி இல்லாத வீட்டுக்குழாயில் குறைந்தது 7 மீட்டர் அழுத்தம் மிஞ்ச வேண்டும், ஒரு மாடி வீடு என்றால் 12 மீட்டர் என்பது நாட்டில் வழங்கும் வடிவமைப்பு நெறி.

இந்த உயரத்துக்குத் தண்ணீரை ஏற்ற ஆகும் ஆற்றலைக் கணக்கிட்டால் இன்னொரு வியப்பு. 30,000 லிட்டர் என்பது 30 டன் எடை. அதை 12 மீட்டர் தூக்குவதற்குத் தேவை ஏறக்குறைய ஒரே ஒரு யூனிட் மின்சாரம். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் இரண்டு யூனிட். ஓர் ஊரின் ஒரு நாள் தாகத்தை மேலே ஏற்றிவைக்க அவ்வளவுதான் செலவு. ஆனால் அதே தண்ணீரை 100 மீட்டர் ஆழத்துப் போரிலிருந்து எடுத்தால், அந்த ஆழத்துக்கு மட்டும் 8 யூனிட்டுக்கு மேல் கூடுதலாக வேண்டும், இழப்பு தனி. நிலத்தடி நீர் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஊராட்சியின் மின்கட்டணம் ஏறுகிறது. ஏரியைத் தூர்வாரச் சொல்லும் மனுவும் தண்ணீர்த் தொட்டி கேட்கும் மனுவும் வேறு வேறு கோப்புகளில் போகலாம். பூமிக்கு அடியில் அவை இரண்டும் ஒரே கோப்பு.

ஐந்தாம் மடியின் ஆட்சி

இரண்டாவது நோய், இருப்பதிலேயே அதிகம் கவனிக்கப்படாதது: குழாயின் விட்டம். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், முதல் தெருவில் சீறிக்கொண்டு வரும், கடைசித் தெருவில் சொட்டும். இதில் முதல் தெருக்காரரின் சூழ்ச்சி எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஓடும் தண்ணீர் குழாய்ச் சுவரோடு உரசி, தன் அழுத்தத்தை வழியெல்லாம் இழந்துகொண்டே போகிறது. அந்த இழப்பு குழாயின் நீளத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். விட்டம் குறைந்தாலோ, அதன் ஐந்தாம் மடிக்கு எதிர்விகிதத்தில் ஏறும். விட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு இரண்டு மடங்கு ஆகும் என்று நம் மனம் நினைக்கிறது. உண்மையில் 32 மடங்கு ஆகிறது.

ஊர்களில் வழக்கமாகப் பதிக்கும் இரண்டு பிவிசி குழாய்களை வைத்தே பார்ப்போம்: 63 மில்லிமீட்டர், 90 மில்லிமீட்டர். இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தால் பெரிய வேறுபாடாகத் தோன்றாது. 500 மீட்டர் தூரத்துக்கு விநாடிக்கு 2 லிட்டர் அனுப்புவதாகக் கொள்வோம். 90 குழாயில் சுமார் 1 மீட்டர் அழுத்தம் இழப்பாகும். 63 குழாயில் சுமார் 5 மீட்டர். 12 மீட்டர் தொட்டியிலிருந்து புறப்பட்ட தண்ணீர், ஒல்லிக் குழாயின் முடிவில் 7 மீட்டரை ஒட்டி வந்து நிற்கும். நெறி சொல்லும் அளவில் மயிரிழையில் தேறியது. இப்போது ஊர் வளர்ந்து, புது இணைப்புகள் கூடி, அதே ஒல்லிக் குழாயில் விநாடிக்கு 4 லிட்டர் வேண்டும் என்றால்? 18 மீட்டர் அழுத்தம் இழப்புக்கே தேவைப்படும். இருப்பதோ 12 மீட்டர். ஆகவே அந்தத் தண்ணீர் கடைசிவரை போகவே போகாது. தொட்டியை 60,000 லிட்டராகப் பெரிதாக்கினாலும் போகாது. குழாயை மாற்ற வேண்டும். வேறு வழி இல்லை.

திருவிழாக் கூட்டம் அகன்ற மாடவீதியில் நகர்ந்துவிடும், குறுக்குச் சந்தில் சிக்கி நின்றுவிடும் என்பதுபோலத்தான் இதுவும். மூலையில் பொருத்தும் எல்போ, பாதி மூடிய வால்வு, சேர்ந்துபோன உப்புப்படிவு எல்லாம் அந்தச் சந்தை இன்னும் குறுக்கும்.

இங்கே இயற்பியல் நம் சமூகத்தின் வரைபடத்தோடு வந்து மோதுகிறது. நம் ஊர்களின் அமைப்பில், தொட்டியும் பிரதானக் குழாயும் பெரும்பாலும் ஊரின் நடுப்பகுதியை ஒட்டியே வந்தன. காலனி என்று ஒதுக்கப்பட்ட குடியிருப்புகள் பல ஊர்களில் குழாயின் கடைக்கோடியில் இருக்கின்றன. மிச்சத் தொகைக்கு வாங்கிய ஒல்லிக் குழாய் அங்கே போய் முடிகிறது. பிறகு ஐந்தாம் மடி தன் வேலையைச் செய்கிறது. தண்ணீருக்குச் சாதி தெரியாது. யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்று முன்பு முடிவு செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த முடிவின் விளைவை, இன்றும் நாள்தோறும் காலையில், குழாய் தன் அழுத்தக் கணக்கில் காட்டிக்கொண்டிருக்கிறது. சரியான விட்டத்தில் கடைசித் தெருவுக்குத் தனியாக ஒரு குழாய் கொடுப்பது பொறியியல் வேலை. அதைப் பட்டியலின் முதலிடத்தில் வைப்பது நீதி. இரண்டையும் ஒரே கையெழுத்தில் செய்யக்கூடிய இடத்தில் சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார்.

குழாய் காலியாக இருக்கும் நேரம்

கடைசித் தெரு மக்கள் வடிவமைப்பு நெறிகளைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் கண்டுபிடித்த தீர்வு, நீர்ம அழுத்தத்தின் விதியைச் சொன்ன விஞ்ஞானி பாஸ்கலே மெச்சக்கூடியது. குழாயடியில் மண்ணைத் தோண்டி, இடுப்பளவுக் குழிக்குள் குழாயை இறக்கிவிடுவார்கள். குழிக்குள் இறங்கி நின்று ஒருவர் குடத்தைப் பிடிப்பார், மேலே நிற்பவர் வாங்கி வைப்பார். தரையிலிருந்து ஒரு மீட்டர் கீழே போனால் ஒரு மீட்டர் அழுத்தம் கூடுகிறது. மேலே சொட்டிய குழாய் கீழே ஒழுகும். அழுத்தத்தை உயரத்தால் வாங்கலாம் என்பதை அனுபவமே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஆனால் அந்தக் குழியில்தான் மூன்றாவது நோய் தொடங்குகிறது. சிந்திய தண்ணீர் குழியில் தேங்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேரும். தண்ணீர் விடும் நேரம் முடிந்து, மேலே வால்வை மூடியதும், குழாயில் மிஞ்சிய தண்ணீர் தாழ்வான இடங்களில் வடிந்துவிடும். அது வடியும்போது மேட்டுப் பகுதிக் குழாயில் வெற்றிடம் போன்ற நிலை உண்டாகி, வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். குழிக்குள் முழுகிக் கிடக்கும் குழாய்முனை அழுக்குத் தண்ணீரை உறிஞ்சும். சாக்கடையை ஒட்டிப் போகும் இடத்தில் ஒரு விரிசல் இருந்தால் சாக்கடையை உறிஞ்சும். இடையில் ஒரு வீட்டில் மோட்டாரை நேரடியாகக் குழாயில் மாட்டி இழுத்தால், தண்ணீர் விடும் நேரத்திலேயே இந்த ஆபத்து நடக்கும். அப்படி மோட்டார் வைப்பது பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீரைப் பறிப்பதோடு நிற்பதில்லை. முழுத் தெருவுக்கும் கழிவைக் கலந்து கொடுக்கிறது.

குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால், விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே கசியுமே தவிர அழுக்கு உள்ளே வராது. அழுத்தம்தான் குழாயின் காவல். அது இறங்கும் நேரமெல்லாம் கதவு திறந்து கிடக்கிறது. காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவி சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது, குடிநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்வதும் குளோரின் கலப்பதும் குழாய்க் கசிவைத் தேடுவதும்தான் அவசர வேலைகளாயின. பழங்காலத்து நோய் நம் காலத்திலும் குழாயின் வாசலிலேயே காத்திருக்கிறது.

வால்வை மூடும் வேகத்திலும் ஒரு செய்தி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், அதன் வேகம் முழுவதும் அழுத்த அலையாக மாறிக் குழாயில் பின்னோக்கிப் பாயும். பிவிசி குழாயில் அந்த அலை விநாடிக்கு ஏறக்குறைய 400 மீட்டர் வேகத்தில் போகும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வந்த தண்ணீரை ஒரே நொடியில் தடுத்தால், 40 மீட்டர் உயரத் தொட்டிக்குச் சமமான அழுத்தம் கணப்பொழுது குழாயைத் தாக்கும். நம் தொட்டியின் உயரமோ 12 மீட்டர். இணைப்புகள் விட்டுப்போவதும், புதிதாகப் பதித்த குழாய் சில மாதத்தில் கசிவதும் பல இடங்களில் இதனால்தான். தரமான வால்வு, அதை நிதானமாகத் திருகத் தெரிந்த டேங்க் ஆபரேட்டர், அவருக்கு மாதாமாதம் தவறாத சம்பளம்: இவை மூன்றும் குழாயின் ஆயுளைக் கூட்டும். சம்பளத்தைக் குழாயோடு சேர்த்துச் சொல்வது மிகை இல்லை. அவர் கைதான் அமைப்பின் கடைசிப் பாகம்.

லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்

நான்காவது நோய், தண்ணீர் வந்தும் குடிக்க முடியாமல் இருப்பது. அதற்கு மருந்தாக ஆபரேட்டர் கையில் இருப்பது ஒரு வாளி பிளீச்சிங் பவுடர். புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் பயன்படும் நிலையில் இருக்கும். 30,000 லிட்டர் தண்ணீரில், லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் வேண்டுமானால் 60 கிராம் தேவை. அதற்கு 180 கிராம் பவுடர், இரண்டு கைப்பிடி அளவு, போதும். அதை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரம் விட வேண்டும். மூட்டையைத் திறந்து போட்டாலும், வெயில் படும் அறையில் வைத்தாலும் பவுடர் வீரியம் இழக்கும். வாசனை இருக்கும், வேலை செய்யாது.

தண்ணீரில் கரைந்ததும் உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம்தான் கிருமியைக் கொல்வது. கிருமியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. ஹைப்போகுளோரைட் அயனியும் எதிர்மின் தன்மை கொண்டதால் விலக்கப்படும். ஹைப்போகுளோரஸ் அமில மூலக்கூறோ மின்னூட்டம் அற்றது. தடையின்றி மேலுறையைக் கடந்து உள்ளே போய், புரதங்களையும் நொதிகளையும் சிதைத்துவிடுகிறது. தண்ணீரின் அமில-கார அளவு 7 ஆக இருந்தால் நான்கில் மூன்று பங்கு இந்த வீரிய வடிவில் இருக்கும், 8 ஆகிவிட்டால் நான்கில் ஒரு பங்குதான். இதைவிட வியப்பானது ஒன்று உண்டு: நம் ரத்தத்தின் வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்கியதும் அவற்றைக் கொல்ல உள்ளுக்குள் தயாரிக்கும் பொருள்களில் ஒன்று இதே மூலக்கூறுதான். ஆபரேட்டர் தொட்டியில் ஊற்றுவதை உடம்பு தனக்குள் வடித்துக்கொள்கிறது.

அமெரிக்காவின் ஜெர்சி நகரத்துக்கான நீர்த்தேக்கத்தில் 1908-இல் ஜான் லீல் என்ற மருத்துவர் குளோரினைத் தொடர்ந்து கலக்கத் தொடங்கியபோது வழக்கே நடந்தது. குடிதண்ணீரில் ரசாயனமா என்று பலர் பதறினார்கள். நீதிமன்றம் அந்த முறையை ஏற்றுக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் நகரத்துக்கு நகரம் அது பரவி, டைஃபாய்டு சாவுகள் சரிந்தன.

குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் தொட்டி அல்ல, கடைசிக் குழாய். ஒரு சிறு சோதனைக் குப்பியில் அந்தக் குழாயின் தண்ணீரைப் பிடித்து, ஆர்த்தோடொலிடின் கரைசலைச் சில சொட்டுகள் விட்டால், குளோரின் மிஞ்சியிருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். பக்கத்திலுள்ள வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நிறமே மாறவில்லையென்றால் இரண்டில் ஒன்று: பவுடர் போடவில்லை, அல்லது வழியில் கலந்த அழுக்கைக் கொல்வதிலேயே குளோரின் செலவாகிவிட்டது. இரண்டாவது என்றால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது. சில ரூபாய்ச் சோதனை, தோண்டாமலே கசிவைக் காட்டிக்கொடுக்கிறது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதற்கு எந்த வேதியியலும் ஈடு சொல்ல முடியாது. பூட்டிய மூடி, முறையான காவல், ஒரே ஊருக்கு ஒரே தண்ணீர் என்ற உறுதி ஆகியவையும் குடிநீர்த் திட்டத்தின் பாகங்களே என்று அந்த நிகழ்வு எல்லா உறுப்பினர்களுக்கும் சொல்லிவிட்டது.

மனுவில் எழுத வேண்டியவை

சட்டமன்றம் எவ்வளவோ சட்டங்களைத் திருத்தலாம். உயரம்தான் அழுத்தம் என்பதையோ, ஐந்தாம் மடியையோ, பாறையின் வேதியியலையோ திருத்த முடியாது. ஆகவே பணம் அந்த விதிகளின் போக்கில் செலவாக வேண்டும். தொட்டி என்பது ஊரே பார்க்கும்படி நிற்கிறது. ரிப்பன் வெட்ட இடம் இருக்கிறது. குழாய் மண்ணுக்குள் போய்விடுகிறது. சோதனைக் குப்பி ஒரு பைக்குள் அடங்கிவிடுகிறது. கண்ணில் படாத இந்த இரண்டுக்கும் நிதி ஒதுக்கும் உறுப்பினர்தான் மெய்யாகவே தொகுதிக்குத் தண்ணீர் கொடுப்பவர்.

மனு எழுதும் நாமும் அவருக்கு உதவலாம். "தண்ணீர் வரவில்லை" என்ற வரியோடு நான்கு விவரங்களைச் சேர்த்துவிட்டால், அந்த மனு அலமாரியில் தூங்காது. ஒன்று, எங்கள் தண்ணீர் போரா, ஆறா, கலந்ததா? கடைசியாக எப்போது சோதித்தார்கள், ஃபுளூரைடு எவ்வளவு? இரண்டு, எங்கள் தெருக்குழாயின் விட்டம் என்ன, தொட்டியிலிருந்து எத்தனை மீட்டர் தூரம்? மூன்று, ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது? குடம் 15 லிட்டர் என்றால், கைபேசியில் நேரம் பார்த்தாலே ஓட்டத்தின் அளவு கிடைத்துவிடும். நான்கு, கடைசிக் குழாயில் குளோரின் எத்தனை மில்லிகிராம்? இவற்றுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஊர் முழுக்க அளந்து வரைபடமே போட்டுவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-இல். அந்தக் கூட்டத்தில் ஊரின் வரவு செலவோடு கடைசிக் குழாயின் அழுத்தத்தையும் குளோரின் அளவையும் வாசிக்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். அந்தத் தீர்மானத்தின் நகலைச் சட்டமன்ற உறுப்பினர் கையில் கொடுத்து, அடுத்த கூட்டத்தொடரில் கேள்வியாக எழுப்பச் சொல்லலாம். தொகுதி மேம்பாட்டு நிதியின் முதல் வரிசையில் எந்தத் தெருவின் குழாய் மாற வேண்டும் என்பதை எண்களே சொல்லட்டும். அப்படி அளந்து, எழுதி, கேட்டு வாங்கும் ஊரில், கடைசித் தெருவுக்கும் முதல் தெருவுக்கும் ஒரே தண்ணீர் வரும். அறிவியல் அதற்கு வழி வைத்திருக்கிறது. மீதி நம் கையிலும் நாம் அனுப்பிவைத்தவர் கையிலும் இருக்கிறது.